சந்தனம் வைத்த பென் டிரைவ்கள்

நான் எழுதினால் கோணலும் மாணலுமாகத்தான் வரும். ஐந்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துதான். மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னால் நடந்தது பின்னால் போகும், பின்னால் நடந்தது முன்னால் வந்து நிற்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்ததைப் பற்றி எழுத வேண்டும். கேட்டால் இதெல்லாம் ஒரு சங்கதியா என்று தோன்றும். என் மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருக்க அவளுக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான் பிடிமானம். அதனால் எங்களுக்கு அது பெரிய சங்கதி.

பென் டிரைவ் என்கிற சாமான் எல்லார் கழுத்திலும் கயிற்றில் தொங்க ஆரம்பித்திருந்த காலம். நாங்கள் திருப்பூர் வேலம்பாளையத்தில் இருந்தோம். குன்னத்தூர்ப் பக்கம் இருந்த விவசாயக் காட்டை விற்றுவிட்டு என் பையன் எம்ப்ராய்டரி யூனிட் போட்டிருந்தான். கீழே யூனிட், மேலே வீடு. மிஷினில் வரிசையாகப் பல தலைகள் இருக்கும். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் ஒரே வாத்தைத் தைக்கும். குழந்தைகளுடைய பனியனில் நெஞ்சுப் பக்கம் இருக்குமே, அந்த வாத்து. கீழே மிஷின் ஓடினால் மேலே என் படுக்கையில் அதிர்வு தெரியும். அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

மகளைப் பொங்கலூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு மத்தியானம் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நல்ல வெயிலில் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகைப் பார்த்தேன். எண்ணெய் பட்ட இடத்தில் எரிந்திருக்கும் போல, தோளைக் கொஞ்சம் குறுக்கினாள்.

இங்கே வந்தபின் பஞ்சிங் கற்றுக்கொண்டாள். கொடுக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் தையல் தையலாக மாற்றிவைப்பதற்குத்தான் அந்தப் பேர். எந்த நூல் முதலில் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே அறுக்க வேண்டும் என்று இவள் கம்ப்யூட்டரில் வைத்துக் கொடுப்பதைத்தான் கீழே மிஷின் தைக்கும். ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரை என் பையன் வாங்கிக்கொடுத்தான். தங்கச்சி மேல் அவனுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பேசினார்கள். "பொண்ணு எத்தன நாளைக்குங்க அண்ணன் கையை எதிர்பாத்துட்டு உக்காந்திருக்கும்?" என்று கேட்டார் ஒரு பெரியவர். என் பையன் தலையைக் குனிந்துகொண்டு, "தீபாவளி வரைக்கும் பாப்பமுங்க. சொந்தக் கால்ல நிக்கற மாதிரி இருந்தா அவ இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா நானே கொண்டாந்து உட்டர்றனுங்க" என்றான். எல்லாரும் சரி என்றார்கள். டீ குடித்தார்கள். கதவுக்குப் பின்னால் நின்றவளை ஒருத்தரும் கேட்கவில்லை.

சாமி கண் திறந்த மாதிரி அந்தச் சமயத்தில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசிலிருந்து வேலை வந்தது. குழந்தைத் துணிக்கு வாத்து, தொப்பி போட்ட கரடி, படகு, காளான் என்று ஒரு செட். மாதிரி தைத்துக் காட்டியதில் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆயுத பூஜை கழிந்து வருகிற திங்கட்கிழமை செட் முழுவதும் வந்துவிட்டால் இனி அந்த ஆபீஸ் பஞ்சிங் எல்லாம் இவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் சாப்பாட்டுக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

செட் முடிகிற தறுவாயில் ஒரு காலை கம்ப்யூட்டரைப் போட்டவள், "அம்மா, இங்க வாங்களே" என்று கூப்பிட்டாள். திரையில் மஞ்சளாக உறை போல இருக்கும். அதற்கு ஃபோல்டர் என்று பேர், அதற்குள்தான் டிசைன்களை வைப்பாள். அன்றைக்கு ஒரே பேரில் இரண்டிரண்டாக இருந்தன. ஒன்றை அமுக்கினால் வேறு எதுவோ திறந்தது. சித்த நேரத்தில் நிஜமானதெல்லாம் மறைந்து பொய்யானது மட்டும் மிச்சம் நின்றது.

பஸ் ஸ்டாப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரைக் கூட்டி வந்தோம். தூத்துக்குடிக்காரர். வாய் ஓயாது. புது பைக்கை நிழலில் நிறுத்த இடம் தேடிவிட்டுத்தான் மேலே ஏறினார்.

"ஏ தங்கச்சி, இந்தப் பென் டிரைவு எங்கெங்க போய்ட்டு வந்திச்சு?"

"யூனிட்டுக்குப் போகுமுங்க. அங்கிருந்து பிரிண்டிங் பட்டறைக்கு, ஜெராக்ஸ் கடைக்கு..."

"நாங்கூட இத்தன ஊரு சுத்துனதில்ல. வாங்கிட்டு வந்திருக்கு பாரு சீக்க." என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆச்சி, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க. உங்களுக்கும் ஒட்டிக்கிரும்."

நான் நிஜமாகவே எழுந்து சுவர் ஓரமாகப் போய்விட்டேன். அவர் சிரித்தார். மகளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காக அவர் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்று இருந்தது.

முதலில் நெட் வயரைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்து, கீழே யூனிட்டிலிருந்து காற்றுக் குழாயை மேலே இழுத்துவரச் சொல்லி ஊதினார். உள்ளே பஞ்சு தலையணை போல அடைந்திருந்தது. பிறகு ஒரு சிடியைப் போட்டுத் தேட விட்டார். பச்சைக் கோடு எறும்பு போல ஊர்ந்தது. மத்தியானம் முழுக்க ஊர்ந்தது. கடைசியில் கறுப்புத் திரையில் ஏதோ தட்டினார். காணாமல் போன ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் வெளுத்துப்போன துணி மாதிரி மங்கலாக வந்து, பிறகு நிறம் ஏறின. மகள் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். வாத்து இருந்தது. கரடி இருந்தது.

"இது திருடன் இல்ல தங்கச்சி. போர்வையப் போட்டு மூடுத பய. சாமான் வீட்டுக்குள்ளயேதான் கெடக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது" என்றார். "இங்க நான் சுத்தம் பண்ணிட்டேன். பென் டிரைவுலதான் இன்னும் இருக்கு. செருகுனா போதும், நீங்க ஒண்ணும் அமுக்க வேண்டாம், அதுவே கதவத் தெறந்துக்கிட்டு வந்துரும். யூனிட்டுல கெடக்குறது, உங்களோடது எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு வைங்க. தசராவுக்கு ஊருக்குப் போறேன், அம்மனுக்கு நேந்துக்கிட்டு வேசம் கட்டணும். வந்து கழுவித் தாரேன். சிடி எழுதுத மிஷினும் கொண்டாந்து டிசைன எல்லாம் ஒரு நகல் எடுத்து வைப்போம். அதுவரைக்கும் ஒண்ணையும் செருகக் கூடாது. சொல்லிட்டேன், ஆமா."

மகள் யூனிட்டுக்கு இறங்கிப்போய் ஆபரேட்டர்கள் கழுத்தில் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கி வந்தாள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்தாள். அண்ணனிடம் சொன்னாள், அண்ணியிடம் சொன்னாள். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். பூஜைக்கு முந்தின நாள் செட் முடிந்தது. கம்ப்யூட்டரை மெல்லிய துணியால் துடைத்து, குழந்தைக்குப் போர்த்துவது போலத் துண்டால் மூடிவிட்டாள்.

திருப்பூரில் ஆயுத பூஜை என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே மிஷினெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். வீட்டிலும் வேலைக்கு ஆகிற சாமான் எல்லாம் இலையில் வைத்தோம். கத்தரி, டேப்பு, ஊசி, பையனுடைய கால்குலேட்டர். என் மருமகள் பீரோ மேலிருந்து பிஸ்கட் டப்பாவையும் எடுத்தாள்.

"இதும் வேலைக்காவறதுதானுங்களே அத்தை."

மகள் பார்த்துவிட்டாள். அண்ணியை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். "வெக்கறதுன்னா வெய்யுங்க நங்கையா. செருகிறாதீங்க."

"அட, நான் சாமிக்கு வெக்கறேன். நானெங்க செருகப் போறேன்?"

அவள் சொன்னது பொய்யில்லை. பென் டிரைவுகளை இலையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த எதையும் அன்றைக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் பழக்கம். ஊசி வைத்திருந்தால் இரண்டு தையல் போட வேண்டும். கத்தரியால் ஒரு துண்டு வெட்ட வேண்டும். சும்மா எடுத்து வைத்தால் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அந்த மாதிரி நேரத்தில் நான் முன்னால் நிற்பதில்லை. யாரும் சொன்னதில்லை, நானே அடுப்படிக்குப் போய்விடுவேன். அன்றைக்கு மருமகள் மகளிடம், "நீயும் போயி சுண்டலைப் பாரு கண்ணு. அத்தை ஒண்டியா இருக்காங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். வாழாமல் வந்த பெண் தொடங்குகிற வேலைக்கு எதிரே நிற்கக் கூடாது என்பதை அதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது. மகளுக்குப் புரிந்தது. வந்து என் பக்கத்தில் நின்று தேங்காய் துருவ ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் கத்தரி வெட்டுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு டிடிங் என்று ஒரு சத்தம்.

மகளுடைய கை நின்றது.

பென் டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் கொடுக்கிற சத்தம் அது. எனக்கே தெரியும். பிடுங்கினால் அதே சத்தம் கீழிறங்கி வரும். இறங்கியது. மறுபடி ஏறியது. மகள் துருவலைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசற்படி வரைக்கும் ஓடினாள், தாண்டவில்லை. நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, வேண்டாங்ணா! செருகாதீங்ணா!" என்றாள்.

"ஆச்சு, ஆச்சு. இன்னொண்ணுதான்" என்றான் என் பையன். பக்தியாகத்தான் செய்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிச் செருகி, பிடுங்கி, இலையில் வைத்துக்கொண்டிருந்தான். "பூஜையில வெச்சதை ஓட்டாம உட்டா நல்லாவா இருக்கும்? ஒரே ஒருக்காத்தான். வேலையா பண்றம்? சாங்கியத்துக்கு."

"அவுரு சொன்னாரல்லங்ணா..."

"அவுரு தெக்கத்திக்காரரு, அவுரு சொல்லுவாரு. நல்ல நாள் அதுவுமா மூஞ்சியத் தூக்காத பாப்பா."

கடைசி டிடிங் கேட்டது.

அன்று சாயங்காலம் ஃபோல்டர்கள் மறுபடி இரட்டையாகின. அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அதற்குள் அதே பென் டிரைவுகள் கீழே இறங்கி யூனிட் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டன. அதுவும் படுத்துவிட்டது. மிஷின் நின்றது. ஆபரேட்டர்கள் பொரியைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூத்துக்குடிக்காரருக்கு மகள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். வேஷம் கட்டியிருக்கிறவர் போனை எங்கே எடுக்கப் போகிறார்? அணைத்து வைத்திருந்தார்.

பையன் கூட்டாளியின் மச்சானைக் கூட்டி வந்தான். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவராம். கீழே உள்ளதைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். இரண்டு நிமிஷம் பார்த்திருப்பார். "எல்லாம் போயிருச்சுங்க. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் அடிச்சர்லாம். பளிச்சுன்னு ஆயிரும்."

"போகலீங்க" என்றாள் மகள். அந்நிய ஆம்பளையிடம் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் பார்த்ததில்லை. "மறைஞ்சிருக்குதுங்க. போன தடவையும் இப்பிடித்தான். அவுரு வந்து எடுத்துக் குடுத்தாரு."

"மறைஞ்சதைக் காட்டற மாதிரியும் போட்டுப் பாத்துட்டனுங்க. ஒண்ணும் இல்லீங்களே."

மகள் குனிந்து எதையோ அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் வந்தது. கோலத்துக்கு வட்டம் போட்டு அதில் ஒரு பங்கு ஒரு நிறம், மிச்சம் இன்னொரு நிறம் கொடுத்த மாதிரி, நீலமும் ரோஸும். நீலம் பாதிக்கு மேல் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தாள்.

"ஒண்ணும் இல்லீன்னா இத்தன எடத்தை என்னதுங்க புடிச்சிருக்குது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுங்களா? வைரஸ் புடிச்சிருக்கற எடமுங்க. பெருகிட்டே போகும். அதுக்குத்தான் சீக்கிரமா அழிக்கோணுங்கறது."

மகள் அண்ணனைப் பார்த்தாள். "ரெண்டு நாள் பொறுங்ணா. அவுரு வந்துருவாரு."

"திங்கட்கிழமைக்குக் குடுக்கோணுமல்ல உனக்கு? ரெண்டு நாள் இப்பிடியே வெச்சுட்டு உக்காந்தா? இன்னைக்கே சுத்தம் பண்ணிட்டா மறுக்கா உக்காந்து போட்டுறலாம். துணில தெச்ச மாதிரி இருக்குதல்ல, அதைப் பாத்துப் போடு."

அவனும் அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னான். கோயமுத்தூரில் படித்தவர், திரையில் ஏதோ கேள்வி கேட்டு வந்த கட்டத்தில் ஆமாம் என்று அமுக்கினார். திரை நீலமாகி, வெள்ளை எழுத்து ஓடியது. மகள் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் மூலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்து கிடந்தது.

அவர் சொன்னபடி பளிச்சென்றுதான் ஆனது. திரையில் பச்சைப் புல்மேடும் வானமும் வந்தன. வேறு ஒன்றும் இல்லை.

தைத்த மாதிரித் துணியை மடியில் வைத்துக்கொண்டு மகள் மறுபடி ஆரம்பித்தாள். கண் வீங்கிப்போனது. வாத்தும் காளானும் முடிந்தன. கரடி பாதியில் நின்றது. திங்கட்கிழமை முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். ஆபீஸில் அதை வாங்கவில்லை. செட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்றார்கள். போதாததற்கு, எங்கள் யூனிட்டிலிருந்து போன பென் டிரைவ் ஒன்று அங்கே ஏதோ செய்துவிட்டதாகவும், இனி உங்களிடமிருந்து எதுவும் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அத்தனை தூரமும் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

அதற்கப்புறம்தான் தூத்துக்குடிக்காரர் வந்தார். காது மடலுக்குப் பின்னால் வேஷச் சாயம் இன்னும் போகவில்லை. மகள் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "வட்டத்துல அவ்வளவு எடம் அடைஞ்சு கெடந்துச்சுன்னா உள்ளதான தங்கச்சி இருந்திருக்கு! வைரஸ் எம்மாத்திரம்? கடுகு. கடுகு போயி மூட்டைய ரொப்புமா? மறைஞ்சதக் காட்ட விடாம அதுவே மறுபடி மறுபடி மூடும், அதான் அவருக்குத் தெரியல" என்றார். பிறகு அழிந்ததைத் தேடுகிற ஏதோ ஒன்றைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். சில டிசைன் பேர்கள் வந்தன. திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. பழசுக்கு மேலேயே புதிதாக எழுதியாகிவிட்டது என்றார். கூலி வாங்காமல் போனார்.

என் பையன் அதை நம்பவில்லை. "வேலை கைவுட்டுப் போன ஆத்திரத்துல சொல்றாரு. அப்பவே போயிருச்சு அதெல்லாம்" என்றான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறான். அப்படிச் சொன்னால்தான் அவனால் சோறு தின்ன முடியும் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்தார்கள். இந்தத் தடவை பேச்சு நீளவில்லை. மகள் கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போர்த்திவிட்டு, தலை சீவி, என்னிடம் வந்து, "போயிட்டு வர்றனுங்ம்மா" என்றாள். போகாதே சாமி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கே இரு என்று சொல்வது? அண்ணனே கார் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தான்.

இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போனில் பேசும்போது முதலில் டிவி சத்தத்தைக் கூட்டுவாள், பிறகுதான் பேசுவாள். நல்லா இருக்கறனுங்ம்மா என்பாள். எண்ணெய் தேய்த்துக்கொள்ள இங்கே வா என்றால், அங்கயே தேச்சுக்கறேன் என்பாள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். நான் பேரையும் முறையையும் மாற்றிச் சொல்லியிருந்தால் திருத்திவிடுங்கள். அந்த வட்டத்தையும் சரிபார்த்துச் சொல்லுங்கள். நீலம் பாதிக்கு மேல் இருந்தது, அதில் எனக்கு மறதி இல்லை. நீலம் என்றால் நிறைந்த இடம்தானா? வைரஸ் அவ்வளவு இடம் பிடிக்குமா, பிடிக்காதா? வாத்தும் கரடியும் அதற்குள் இருந்தனவா, அப்போதே போய்விட்டனவா? மகளைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அவளிடம் என்னால் கேட்க முடியவில்லை.